தோட்டத்து வீட்டுக் காவலுக்கு முதல் துப்பாக்கி: எதை வாங்குவது?

சாப்டூர் தோட்டக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். பேரையூர் வட்டத்தில், சாப்டூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஏழு ஏக்கர் தென்னையும் மாவும் இருக்கின்றன. வயதான அம்மா, மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு கிடையாது. சென்ற தை மாதம் கிணற்று மோட்டாரின் வயரை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு, நான் மதுரையில் தங்க நேர்ந்த ஓர் இரவில், யாரோ பின்கதவை வெளியிலிருந்து நெம்பியிருக்கிறார்கள். அம்மா விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுத்த பிறகே ஓடியிருக்கிறார்கள். மறுநாள் வந்து பார்த்தபோது, வேப்பமர நிலையில் கடப்பாரை பதிந்த தடம் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது.

முறையாக உரிமம் பெற்று ஒரு துப்பாக்கி வாங்கலாம் என்று நினைக்கிறேன். .32 ரிவால்வர், 12 போர் இரட்டைக்குழல், .315 ரைபிள் ஆகிய மூன்றில் முதன்முதலாக வாங்குகிறவனுக்கு எது ஏற்றது? இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது காட்டுப்பன்றிகளும் எதிரே வருவதால், வீட்டுக்கும் வெளிக்கும் ஒன்றே பயன்பட்டால் நல்லது. கல்லூரியில் என்.சி.சி. முகாமில் .22 ரைபிளால் சுட்டதைத் தவிர எனக்கு வேறு பழக்கம் இல்லை.

முன்னாள் சுபேதார், உசிலம்பட்டி:

தம்பி, அந்த நேரத்தில் உங்கள் அம்மா விளக்கைப் போட்டுக் குரல் கொடுத்தாரே, அது பெரிய காரியம். நான் இராணுவத்தில் 24 ஆண்டுகள் இருந்தவன். ஓய்வுக்குப் பின் தோட்டத்தில் குடியேறியபோது, நீங்கள் கேட்கும் இதே கேள்வியை நானும் யோசித்துத்தான் 12 போர் இரட்டைக்குழலை வாங்கினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ரிவால்வர் சிறியது, ஆகவே எளியது என்று பலர் நம்புகிறார்கள். பழகுவதற்கு அதைப் போலக் கடினமான ஆயுதம் வேறில்லை. .32 ரிவால்வரின் குழல் ஒரு சாண் நீளம்கூட இராது. மணிக்கட்டு சற்றே அசைந்தாலும் குறி தவறிவிடும், அதிலும் இருட்டில் நெஞ்சு படபடக்கும்போது கை நம் சொல் கேட்காது. .315 ரைபிளின் சிக்கல் வேறு. அதன் குண்டு குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும் வலு உள்ளது, உங்கள் தோப்புக்குக் கீழே ஊர் இருக்கிறது.

12 போர் என்பதற்குப் பொருள், ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுவே குழலின் உள்விட்டம் என்பதாகும். ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் வரும். தோட்டாவுக்குள் ரவைகள் எனப்படும் சிறு ஈய உருண்டைகள் இருக்கும், ரவையின் எண் கூடக் கூட அது சிறியதாகும். எல்.ஜி., எஸ்.ஜி. என்பவை சில பெரிய ரவைகள் கொண்டவை. வீட்டுக் காவலுக்கு 4 அல்லது 6 எண் ரவையே போதும். முற்றத்துத் தூரத்தில் அதற்கு வலு உண்டு, தூரம் போகப் போக வேகமாக வலு குறைந்துவிடுவதால் எங்கோ இருக்கிறவருக்கு ஆபத்து குறைவு.

எனக்கு இரட்டைக்குழலின் மேல் உள்ள நம்பிக்கைக்கு இன்னொரு காரணம், அதை மடக்கித் திறந்தவுடன் உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது என்பதுதான். மடக்கி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், இரண்டு குழலுக்குள்ளும் வளையம் வளையமாக ஒளி ஓடும். தோட்டா இருந்தால் ஒளி வராது, குழலில் எங்காவது நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் வளையம் கோணிக்கொண்டு நிழல் விழும். முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷனில் தோட்டாக்கள் அதிகம் நிற்கும் என்றாலும், குழலுக்கு அடியில் தோட்டா நிற்கும் குழாயில் ஒன்று மிச்சமிருப்பதை மறந்துவிட இடமுண்டு, ஆகையால் முதல் துப்பாக்கியாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உரிமம் உள்ள வேறொருவரிடமிருந்து பழைய துப்பாக்கி வாங்குவதானால், தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டரா 70 மில்லிமீட்டரா என்று குழலின் அடியில் பொறித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். 65 அறைக்குள் 70 தோட்டாவும் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். கடைக்காரரே சில நேரம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார். தோளில் அணைக்கும் கட்டை உங்கள் கை நீளத்துக்குப் பொருந்துகிறதா என்பதும் முக்கியம், பொருந்தாத துப்பாக்கி கன்னத்தில் உதைக்கும், உதை வாங்கியவர் அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு சுடுவார்.

வழக்கறிஞர், மதுரை:

சுபேதார் ஐயாவின் தேர்வுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், மறுப்பதற்கான காரணங்கள் இல்லாத நிலையில் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. ரிவால்வருக்கும் ரைபிளுக்கும் அப்படியல்ல, போதிய காரணம் உண்டு என்று அதிகாரி நிறைவடைய வேண்டும். எனவே, கதவை நெம்பிய சம்பவத்துக்கும் வயர் திருட்டுக்கும் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். வாங்காமல் இருந்தால் இப்போதாவது கொடுங்கள். விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், மாவட்ட ஆட்சியருக்குப் போகும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் தேவை. உரிமம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

உங்கள் விஷயத்தில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு தடை இருக்கிறது. சாப்டூர் வனச்சரகம் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது, அது 2021ஆம் ஆண்டு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்க முதன்மை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். இதனால் உங்கள் மனு வனத்துறைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். தாமதத்தைக் கண்டு மனம் தளர்ந்து, குறுக்கு வழி சொல்லும் தரகர் எவரையும் நாடிவிடாதீர்கள்.

காட்டுப்பன்றி விஷயத்தில் வெளிப்படையாகவே சொல்கிறேன்: உரிமம் பெற்ற துப்பாக்கியாக இருந்தாலும் நீங்கள் பன்றியைச் சுட முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்பதுதான் 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசு எடுத்த முடிவு. உங்கள் தோட்டமோ மலையடியிலேயே இருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள், சூரிய மின்வேலிக்கு முன் அனுமதி கேளுங்கள். ஆகவே, வீட்டுக்கும் வெளிக்கும் ஒன்றே என்ற கணக்கில் வெளி என்பதை அழித்துவிட்டு, வீட்டை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வருகிறது. இரவில் கதவை உடைத்து உள்ளே நுழைகிறவனிடமிருந்து காத்துக்கொள்ளும் உரிமை விரிந்தது, ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்று 37ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. வயரை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்லுப்பட்டி ஆசிரியை:

அண்ணா, சட்டமும் துப்பாக்கியும் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பெரியப்பாவிடம் பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று இருந்தது, குழலின் வாய் வழியாகக் கரிமருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் வகை. ஒருமுறை கெட்டித்தால் திரும்ப எடுப்பது பெரிய வேலை என்பதால், அப்படியே கதவிடுக்கில் சாத்தி வைத்திருப்பார். என் தம்பிக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்கள் எல்லாரும் களத்தில் இருந்த மத்தியானம், அவன் அதை இழுத்துப் பார்த்திருக்கிறான். நாங்கள் ஓடிவந்தபோது வீடு முழுக்கப் புகை, தானியம் கொட்டி வைக்கும் குலுக்கையின் பக்கவாட்டில் விழுந்த ஓட்டைகளிலிருந்து கம்பு கொட்டிக்கொண்டே இருந்தது. குலுக்கைக்கு அந்தப் பக்கம் தொட்டிலில் என் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பிக்கு மட்டும் இன்றுவரை வலது காது சரியாகக் கேட்காது.

தோட்டா இல்லாத நிலையில் துப்பாக்கியைச் சுவரில் பதித்த இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, தோட்டாக்களை வேறோர் அறையில் பூட்டி, இரண்டு சாவியும் உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். பரணும் பீரோவின் மேல்தட்டும் பிள்ளைகளுக்கு எட்டாது என்று நினைக்காதீர்கள், நாற்காலி போட்டு ஏறாத பிள்ளை எங்கும் இல்லை.

துப்பாக்கி வரத் தாமதமாகும் என்கிறார் வழக்கறிஞர் ஐயா. அதுவரை கதவு அப்படியே இருக்கக் கூடாது. எங்கள் தோட்டத்தில் பின்கதவுக்கு உட்புறம் குறுக்கே இரும்புக் கம்பி போட்டு, கிணற்றடியில் ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கு வைத்து, இரண்டு சிப்பிப்பாறை நாய்களை வளர்க்கிறோம். நான்கு ஆண்டுகளாக ஒரு முழம் வயர்கூடக் காணாமல் போகவில்லை.

சாப்டூர் தோட்டக்காரர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 34ஆம் பிரிவைப் பற்றி இதுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. தங்கையின் தொட்டிலைப் பற்றிப் படித்தபோது, அம்மாவின் கட்டில் எந்தச் சுவரோரம் கிடக்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கதவுக்குக் குறுக்குக் கம்பி அடிக்க இன்று கொல்லரிடம் அளவு கொடுத்திருக்கிறேன், இரண்டு சம்பவங்களுக்கும் நாளை மனுக் கொடுக்கிறேன். சுபேதார் ஐயா, பயிற்சிக்குப் போகும்போது நான் எதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்?

முன்னாள் சுபேதார், உசிலம்பட்டி:

தம்பி, குறி பார்ப்பதை அவர்களே சொல்லித் தருவார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது, கண்ணைக் கட்டிக்கொண்டு மடக்குவதும், விரலை உள்ளே விட்டுத் தடவி இரண்டு அறையும் காலி என்று அறிவதும், மூடுவதும். வெற்றுத் துப்பாக்கியில் நூறு முறை செய்து பாருங்கள். விசை மேல் விரல் ஒருமுறைகூடப் போகாமல் அந்த நூறும் முடிந்த பிறகு தோட்டாவைக் கையில் வாங்குங்கள்.