புதுப்பிப்பு: 60,000 ரூபாய்க்குள் சென்னையிலிருந்து இரண்டு பேர் வெளிநாடு - போய் வந்தாச்சு

அம்மாவுக்கு ஒரு முறையாவது வெளிநாடு காட்ட வேண்டும், இருவருக்கும் சேர்த்து 60,000 ரூபாய்தான் இருக்கிறது, எங்கே போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கோலாலம்பூரில் நான்கு இரவு தங்கித் திரும்பிவிட்டோம். மொத்தச் செலவு 56,400.

கைகொடுத்தது, "பள்ளி விடுமுறையைத் தவிருங்கள், வாரநடுவில் இரவு விமானம் பாருங்கள்" என்ற யோசனைதான். வெள்ளிக்கிழமை விலையைவிட ஆளுக்கு 4,000 குறைவு. மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்பதால் அந்தச் செலவும் இல்லை. டிஜிட்டல் வருகை அட்டை என்ற இணையப் படிவத்தை மட்டும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் போலித் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தில் வந்தோம், பாதிக்கும் குறைவான செலவு. பத்துமலை முருகன் கோயிலுக்கு, நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலே போகிறது. 272 படியையும் அம்மா ஏறிவிட்டார். நடுவில் உட்கார்ந்தது நான்தான்.

எதிர்பாராதது இரண்டு. கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. மீனம்பாக்கத்தில் எடை போட்டால் முறுக்கு டப்பாவோடு 8.4! வரிசையை விட்டு விலகி, அம்மா ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார், மிச்சத்துக்கு முறுக்கைத் தின்றோம். அப்புறம், வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவில் கட்டிய வாடகையில் அது சேரவில்லை, விடுதியில் நுழையும்போது தனியாக வாங்கினார்கள்.