15648 ஆங்ஸ்ட்ராமில் கரும்புள்ளி: கோடு தெரிகிறது, பிளவைக் காணோம்

திருநகர் மாடி:
மதுரை திருநகரில் வீட்டு மொட்டைமாடியில் நண்பர்கள் சேர்ந்து, ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படமெடுக்கும் ஸ்பெக்ட்ரோகிராஃப் ஒன்று கட்டியிருக்கிறோம். ஒளியைப் பிரிக்க மில்லிமீட்டருக்கு 600 கோடு கீறிய கிரேட்டிங் தகடு, ஐஆர் ஃபில்ட்டரைக் கழற்றிய வெப்கேம். அகச்சிவப்பில் 15648 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இரும்பு அணுக்கள் உண்டாக்கும் கருங்கோட்டை வைத்துச் சூரியக் கரும்புள்ளியின் காந்தப்புலத்தை அளக்க ஆசை. காந்தப்புலத்தில் அந்தக் கோடு பிளக்கும், பிளவை அளந்தால் புலம் தெரியும். கணக்குப்படி கிரேட்டிங்கைத் திருப்பினால் நிறமாலை பளிச்சென்று வருகிறது, கருங்கோடுகளும் உண்டு. ஆனால் ஒளி நுழையும் இடுக்கான ஸ்லிட்டைப் புள்ளியின் நடுவில் வைத்தாலும் ஒரு கோடுகூடப் பிளக்க மாட்டேன் என்கிறது. 3000 காஸ் காந்தப்புலத்துக்குப் பிளவின் இரு ஓரங்களும் இரண்டு ஆங்ஸ்ட்ராம் விலக வேண்டாமா? ஃபோகஸ் கோளாறா, கிரேட்டிங் கோளாறா?

லென்ஸ் பைத்தியம்:
இரண்டும் இல்லை தம்பி. வெப்கேம் சென்சார் சிலிக்கான். 11000 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் அதற்குக் கண் தெரியாது. கிரேட்டிங் ஒவ்வொரு நிறத்தையும் பல கோணங்களில், முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று திரும்பத் திரும்ப வீசும். அதனால் 15648-இன் முதல் வரிசை விழும் அதே கோணத்தில், அதன் பாதியான 7824-இன் இரண்டாம் வரிசையும் மூன்றில் ஒன்றான 5216-இன் மூன்றாம் வரிசையும் வந்து விழும். நீங்கள் பார்ப்பது அந்தக் கலவையைத்தான். கேமராவை எடுத்துவிட்டு அங்கே வெள்ளைத்தாளைப் பிடியுங்கள், பச்சை தெரியும். அப்புறம் 10000-க்குக் கீழே எல்லாவற்றையும் தடுக்கும் ஃபில்ட்டரைப் போட்டுப் பாருங்கள்.

திருநகர் மாடி:
தாளில் பச்சைப் பட்டை விழுகிறது அண்ணே! கல்லூரி லேபில் இரவல் வாங்கி அந்த ஃபில்ட்டரைப் போட்டதும் திரை கும்மிருட்டு. இனி அகச்சிவப்பைப் பார்க்கும் இண்டியம் காலியம் ஆர்சனைடு கேமராதானா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

லென்ஸ் பைத்தியம்:
எதற்கு அந்தச் செலவு? பிளவு அலைநீளத்தின் வர்க்கத்தில் கூடும், கோட்டின் அகலமோ அலைநீளத்தோடுதான் கூடும். பெரிய ஆய்வகங்கள் அகச்சிவப்புக்குப் போவது அதனால்தான். ஆனால் 1908-இல் ஹேல் கரும்புள்ளியில் காந்தப்புலத்தைக் கண்டுபிடித்தது கண்ணுக்குத் தெரியும் ஒளியில்தானே!

இரும்பின் 6302.5 கோட்டுக்கு வாருங்கள். அதே 3000 காஸுக்கு 0.28 ஆங்ஸ்ட்ராம்தான் விலகும். ஆனால் அதன் இருபுறமும் நம் காற்றின் ஆக்சிஜன் கோடுகள் 0.76 இடைவெளியில் நிற்கும். சூரியனின் காந்தப்புலம் அவற்றை அசைக்காது, அளவுகோல் இலவசம்.

மூன்றாம் வரிசையில் வையுங்கள். கழற்றிய ஐஆர் ஃபில்ட்டரைத் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் 9454-இன் இரண்டாம் வரிசை வந்து உட்காரும். நீலத்தைத் தடுக்கச் சிவப்பு ஃபில்ட்டரும் வேண்டும்.

சூரியக்கோள்காரன்:
பிளந்த கோட்டின் இரு பக்கங்களையும் தனித்தனியே பிரித்துக் காட்ட, ஸ்லிட்டுக்கு முன்னால் கால் அலைத் தகடும் (quarter-wave plate) போலராய்டும் சேருங்கள். ஒரு படம் எடுத்து, போலராய்டை 90 டிகிரி திருப்பி இன்னொன்று. புள்ளி வட்டின் நடுப்பக்கம் இருந்தால் இரண்டு படத்திலும் இரும்புக் கோடு எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்திருக்கும். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் மாடித்தளம் சூடேறிப் பிம்பம் கூத்தாடும்.