யூரின்ல ரத்தம், ஆனா வலி இல்ல: உங்க வீட்ல யாருக்காவது வந்திருக்கா?

கரூர் பையன்:
எங்கப்பா ரிட்டயர்டான பஸ் டிரைவர், வயசு 64, ரொம்ப வருஷமா சிகரெட். ஒரு நாள் காலைல யூரின் கட்டன் டீ கலர்ல போயிருக்கு, வலி இல்ல எரிச்சல் இல்ல காய்ச்சல் இல்ல, மறுநாளே தெளிஞ்சிருச்சு, சூடு புடிச்சிருக்கும்னு இளநியும் நீர்மோரும் குடிச்சிட்டு எங்க யார்கிட்டயும் சொல்லவே இல்ல. சிறுநீர்ப்பை கேன்சர் நிறைய பேருக்கு இப்படித்தான் ஆரம்பிக்குமாம், ரத்தம் வரும் தானா நிக்கும், ஆனா உள்ள இருக்குறது அப்படியே இருக்கும். அப்பறம் ரத்தம் உறைஞ்சு யூரினே அடைச்சப்பதான் ஓடுனோம்.

ஸ்கேன்ல ஒரு வளர்ச்சி தெரிஞ்சுது, கேமரா விட்டு பாத்துட்டு டியூஆர்பிடினு யூரின் போற வழியாவே சுரண்டி எடுத்தாங்க. ரெண்டு நாள் டியூப் போட்டு பாட்டில் மாத்தி மாத்தி சலைன் ஓட்டி கழுவுனாங்க, பேக்ல செவப்பு குறையுதானு பாத்துட்டே உக்காந்திருந்தோம். பயாப்ஸில ஹை கிரேடு, அதாவது வேகமா வளர்ற வகை, உள்தோலுக்கு அடுத்த லேயர் வரைக்கும் போயிருக்குனு இருந்துச்சு, கீழ ஒரு வரி, எடுத்த சாம்பிள்ல தசையே இல்லனு. டாக்டர் அந்த வரியத்தான் விரல் வச்சு காட்டுனாரு. தசைக்குள்ள போகலனா டி1, போயிருந்தா டி2, ரெண்டுக்கும் வைத்தியமே வேற, தசை இல்லாத சாம்பிள வச்சு எப்படி ஸ்டேஜ் சொல்றதுனாரு. சில வாரம் கழிச்சு திரும்ப சுரண்டுனாங்க, தசை கிளியர், டி1. இப்ப பிசிஜி மருந்து, டிபிக்கு குழந்தைங்களுக்கு போடுற அதே பிசிஜிதான், டியூப் வழியா சிறுநீர்ப்பைக்குள்ள விடுறாங்க. தயவுசெஞ்சு ரிப்போர்ட்ல தசை இருந்துச்சா இல்லையானு கேளுங்க.

மதுரை அம்மு:
தம்பி, எங்க பெரியம்மாக்கு எரிச்சலும் அடிக்கடி போறதும்தான் மொதல்ல. ஒரு கிளினிக்ல இன்ஃபெக்ஷன் இன்ஃபெக்ஷன்னு ஆன்டிபயாட்டிக் மாத்தி மாத்தி குடுத்துட்டே இருந்தாங்க, ஒவ்வொரு தடவையும் கல்ச்சர்ல கிருமி எதுவும் வளரல, ஆனா யூரின்ல ரத்த அணு மட்டும் இருந்துட்டே இருந்துச்சு, அப்பவாவது கேமரா விட்டு பாத்திருக்கணும்ல, இன்னைக்கும் வயிறு எரியுது. சிகரெட் பக்கமே போகாத பொம்பளைக்கு இது வராதுனு நெனச்சாங்களோ என்னமோ. பொம்பளைங்களுக்கு இது குறைவுதான், ஆனா அதனாலயே லேட்டா கண்டுபிடிக்கிறாங்க. சிடி எடுத்தப்ப ஒரு பக்க கிட்னி வீங்கியிருந்துச்சு, கிட்னில இருந்து சிறுநீர்ப்பைக்கு வர்ற குழாய் வாய கட்டி அடைச்சிருக்கு. தசைய தாண்டி வெளிக்கொழுப்புக்கு போயிருச்சு, டி3. கீமோ குடுத்துட்டு பையவே எடுத்தாங்க.

சேலம் அண்ணன்:
எனக்கே வந்துச்சுங்க, டிஏ லோ கிரேடு, உள்தோல்ல மட்டும். கண்டுபிடிக்கும்போது நாலுல மூணு பேருக்கு தசைக்குள்ள போயிருக்காதுனு எங்க டாக்டர் சொன்னதுதான் அன்னிக்கு தைரியம். ஆனா திரும்பத் திரும்ப முளைக்கும்ங்க, எனக்கும் ஒரு தடவ வந்து எடுத்தாச்சு. மொத கேமரா செக்கப் மூணாவது மாசமே இருக்கும், அத தள்ளிப்போடாதீங்க. சாயப்பட்டறைல வேலை பாத்தவன் நான், சில சாயக் கெமிக்கலாலயும் வரும்ங்கிறதால அத டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன், நீங்களும் என்ன வேலை பாத்தீங்கனு சொல்லிருங்க.