வாதாபியிலிருந்து சிவகாமி வந்திருக்க வேண்டாமா?

கேஆர்புரம் மூர்த்தி: ரிட்டயர் ஆன பிறகு கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலை மறுபடி படித்தேன். சின்ன வயசில் கண்ணீர் விட்ட இடத்தில் இப்போது எரிச்சல்தான் வந்தது. சாளுக்கியர் தலைநகரான வாதாபியில் சிறைப்பட்டிருக்கிறாள் நாட்டியக்காரி சிவகாமி. அவளைக் காதலிக்கும் பல்லவர் மாமல்லர் மாறுவேடத்தில் அந்த எதிரி ஊருக்குள் புகுந்து, ‘வா, போகலாம்’ என்கிறார். இந்த அம்மாளோ, ஊரைக் கொளுத்திவிட்டுக் கூட்டிப் போகச் சொல்கிறாள்! வருஷங்கள் வீணாய்ப் போய், ஒரு நகரமே சாம்பலாச்சு. இவளை எப்படி ரசிப்பது?

அல்சூர் ராஜி: மூர்த்தி சார், அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிட்டீர்களே. சிறைப்பிடித்த தமிழர்களை நாற்சந்தியில் நிறுத்திச் சவுக்கால் அடிக்கிறார்கள். அடி நிற்க வேண்டுமானால் இவள் தெருவில் ஆட வேண்டும். ஆடினாள். மாமல்லரின் அப்பா மகேந்திர பல்லவரே மெய்மறந்து பார்த்த ஆட்டம் அது! அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்திருந்தால், அவளை நான் நம்பியிருக்கவே மாட்டேன். ரோஷத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கி வர முடியாமல் தவிக்கிறவர்கள் நம் வீட்டிலேயே இல்லையா?

ஃப்ரேசர் டவுன் பாபு: நான் குடியிருக்கும் ஃப்ரேசர் டவுனுக்கு இப்போது புலிகேசி நகர் என்று பெயர். இங்கே உட்கார்ந்து இந்தக் கதையைப் படிக்கிற சங்கடம் எனக்குத்தான் தெரியும். என் குறை வேறு. பல்லவர் பக்கம் எல்லோரிடமும் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது. சாளுக்கிய ராஜா புலிகேசி மட்டும் ஏன் பெரும்பாலும் முரடனாகவே வருகிறார்? 634ஆம் ஆண்டு ஐஹொளே கல்வெட்டில் அவருடைய அவைப்புலவர் ரவிகீர்த்தி பாடுகிற ஆளே வேறு. ஹர்ஷரை முறியடித்தவர், பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்க வைத்தவர். கல்கியோ நாகநந்தி என்று ஓர் இரட்டைச் சகோதரனைக் கற்பித்து, கலைப்பித்து, காதல், பொறாமை எல்லாவற்றையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்.

அல்சூர் ராஜி: அதனால்தான் பாபு, நாகநந்தி மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறான். சரி, என் கோபம் மகேந்திரர் மேல். மத்தவிலாசம் என்ற நாடகம் எழுதியவர், சித்திரம், சங்கீதம் எல்லாம் தெரிந்தவர். ஆனால் சிற்பி மகளை மருமகளாக்க மட்டும் மனசு வரவில்லை. காஞ்சியை முற்றுகை போட்ட புலிகேசியையே விருந்துக்குக் கூப்பிட்டு, அவன் எதிரில் சிவகாமியை ஆட வைத்ததும் அவர்தான். வினை அங்கேதான் ஆரம்பம்.

ஒயிட்ஃபீல்ட் நந்து: எல்லோரும் மாமல்லரை நைசாகத் தாண்டிப் போகிறீர்கள். படை திரட்டுகிறேன் என்றவர், நடுவில் பாண்டியன் மகளைக் கட்டிப் பிள்ளைகளும் பெற்றாயிற்று. காத்திருந்தவளுக்குக் காஞ்சி திரும்பிய பிறகுதான் அது தெரிகிறது. இதைப் பற்றி மூர்த்தி அங்கிள் ஏன் வாயே திறக்கவில்லை?

கேஆர்புரம் மூர்த்தி: அது ராஜ்ய காரியம் அம்மா. பாண்டியன் ஒருபக்கம் பகையாக நின்றால் வடக்கே படை கிளம்புமா?

ஒயிட்ஃபீல்ட் நந்து: கல்யாணம் பண்ணியது சரி அங்கிள். ஓர் ஓலை அனுப்பக் கூடாதா? ஒற்றர்கள்தான் அத்தனை பேர் இருந்தார்களே.

கேஆர்புரம் மூர்த்தி: ஓலை அனுப்பாதது தப்புதான் என்றே வைத்துக்கொள். நான் கேட்பது வேறு. 642ஆம் ஆண்டு வாதாபி விழுந்தது நிஜம். பல்லவர் தளபதி பரஞ்சோதியும் நிஜம், அவர் அந்த நகரத்தைத் துகளாக்கியதைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். அவ்வளவு பெரிய போரை ஒரு பெண்ணின் ரோஷத்துக்குள் அடக்கிவிட்டால் அது சின்னதாகிவிடாதா?

அல்சூர் ராஜி: ஆகட்டுமே! யானைப்படையோடு போய் ஜெயித்த தளபதி, சிறுத்தொண்டராகிச் சிவனடியாருக்குச் சோறு போட்டுக்கொண்டு திருச்செங்காட்டங்குடியில் இருந்தார். அந்த மாற்றத்துக்கு ஒரு மனக்காயம் வேண்டாமா? ஊர் எரிவதைப் பார்த்துப் பரஞ்சோதி கலங்கும் இடத்தில் கல்கி அதைத்தான் காட்டுகிறார். எய்தவள் சிவகாமி, நொந்தவர் பரஞ்சோதி. அதுதான் சார் எனக்குப் பிடித்தது.

ஃப்ரேசர் டவுன் பாபு: வாதாபி என்பது நம் பாதாமிதானே. பெங்களூரிலிருந்து கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் ரயில் போகிறது. மாமல்லர் என்ற நரசிம்மவர்மன் கல்வெட்டு அங்கே பாறையில் இருக்கிறது. மீதிச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாமா?

கேஆர்புரம் மூர்த்தி: எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள். அந்தக் கல்வெட்டில் சிவகாமி பெயர் இருந்தால் அங்கேயே கட்சி மாறிவிடுகிறேன்.