தத்தெடுப்பா, உபயமா? துணைநாய்க் கலைச்சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய நாயைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசி, போன வாரம் 'உதவி நாய்' என்று முடிவு செய்துவிட்டு நகர்ந்துவிட்டோம், எனக்கு அது ஒட்டவே இல்லை. உதவி ஆய்வாளர், உதவி இயக்குநர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, மேலே பெரிய நாய் ஒன்று இருப்பதுபோலவும் இது அதற்குக் கீழே வேலை பார்ப்பதுபோலவும் படுகிறது. துணைநாய் என்போமே. துணை ஆட்சியர் இல்லையா என்பீர்கள்; ஆனால் 'துணைக்கு வா' என்று சொல்லாத வீடு கிடையாது. அதோடு பிரிப்பதும் எளிது: பார்வையற்றவரைக் கூட்டிப் போவது வழித்துணை நாய், அழைப்புமணி அடித்தால் காது கேளாதவரை வந்து தொட்டுச் சொல்வது செவித்துணை நாய், சக்கர நாற்காலிக்காரருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துக் கொடுத்து, கதவில் கட்டிய கயிற்றைக் கவ்வி இழுத்துத் திறப்பது கைத்துணை நாய். ('ஒத்தாசை நாய்' எனக்கும் பிடித்ததுதான், அச்சில் போட தைரியம் வரவில்லை.)

சிக்கல், இந்த நாய்களை வளர்த்துப் பழக்கப் பணம் கொடுப்பதற்கான சொல்லில்தான். பிரிட்டனில் 1931-ல் வாலசி என்ற ஊரில் முதல் 4 வழித்துணை நாய்கள் பழகி வந்தன. அங்கே இன்றும் இந்த வேலை பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது. மாதாமாதம் ஒரு குட்டிக்கென்று பணம் கட்டுபவருக்கு அதன் படமும் செய்தியும் வரும், குட்டி வராது. அது தன்னார்வக் குடும்பம் ஒன்றில் ஓராண்டுக்கு மேல் வளர்ந்து, கடைக்கும் பஸ்ஸுக்கும் போய்ப் பழகி, அப்புறம்தான் முழுப் பயிற்சிக்குப் போகும். எல்லாக் குட்டியும் தேறாது. தேறாததற்கும் செலவு செலவுதான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு வாசகர் வட்டத்துக்காக இதைத் தமிழில் எழுதியபோது 'நாய்க்குட்டி தத்தெடுப்பு' என்று போட்டுப் படித்துக் காட்டினேன். காசிமேட்டில் வாங்கிவந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா, செதில் ஒட்டிய கையோடு நிமிர்ந்து, "குட்டிய எப்போ கொண்டாந்து வுடுவாங்க? மாடியில எடம் கீது" என்றார். அவர்மேல் தப்பில்லை. தெருநாயை வீட்டுக்கு எடுத்து வருவதும் தத்தெடுப்பு, வண்டலூரில் விலங்குக்குத் தீனிச் செலவு கட்டுவதும் தத்தெடுப்பு என்றால் யாருக்குத்தான் புரியும்?

உபயம் என்று மாற்றிச் சொன்னேன். "கோயில் டியூப்லைட்டு மாதிரியா?" என்று உடனே பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் வேண்டும். விளக்குக்குக் காசு கொடுத்தவர் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, அது அங்கேயே எரிகிறது, பெயர் மட்டும் மேலே இருக்கிறது.

வடசொல், கோயில் வாடை என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். 'பயிற்சிக் கொடை' நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டடத்துக்கும் கொடை, கல்லூரிக்கும் கொடை. இந்தக் குட்டிக்கு இன்னார் என்கிற பிடி அதில் இல்லை. 'குட்டி உபயம்', 'உபயதாரர்' என்றே நான் போடப்போகிறேன்.

குட்டியை ஓராண்டு வளர்த்து, கண் கலங்கித் திருப்பிக் கொடுக்கும் அந்தக் குடும்பத்துக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'வளர்ப்புப் பெற்றோர்' என்றால் அக்கா சிரிப்பார். வியாழனுக்குள் யாராவது சொல்லுங்கள், அன்று அச்சுக்குப் போகிறது.