காலையில் மட்டும் முரண்டு பிடித்த கார்: எரிபொருள் அழுத்தத்தை அளந்து பார்த்த அனுபவங்கள்

உதகமண்டலத்திலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் கார், சென்ற மார்கழியில் காலை வேளைகளில் மட்டும் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. இரவு முழுவதும் வாசலில் நின்ற வண்டியை ஆறரை மணிக்கு எடுக்கப் போனால், செல்ஃப் எட்டு, பத்து விநாடிகள் சுற்றிய பிறகுதான் இன்ஜின் பிடிக்கும். ஒருமுறை ஓடிவிட்டால் அன்று மாலை வரை சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடும். மேட்டில் இழுவையும் குறையவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

பணிமனையில் ஸ்பார்க் பிளக்குகளையும் பேட்டரியையும் மாற்றி, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஏறத்தாழ 9,000 ரூபாய் செலவான பிறகும் குறை அப்படியே இருந்தது. அதுவரை ஒருவர்கூட எரிபொருள் அழுத்தத்தை அளந்து பார்க்கவில்லை என்பதே எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வழி காட்டியது ஒரு தற்செயலான கவனிப்பு. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பின்னிருக்கைக்கு அடியில், பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் பம்ப் இரண்டு விநாடி முனகிவிட்டு நிற்கும். ஒருநாள் செல்ஃப் அடிக்காமல், அந்த முனகல் அடங்கும் வரை காத்திருந்து, சாவியை அணைத்து மறுபடி திருப்புவதை மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவ்வாறே நடந்ததால், இரவில் பெட்ரோல் குழாயிலிருந்து அழுத்தம் எங்கோ வடிந்துவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் பிரஷர் கேஜை வாங்கி, அவரையும் அருகில் வைத்துக்கொண்டே அளந்தேன். பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, குழாயில் இருக்கும் அழுத்தத்தைத் தீர்த்த பிறகே இணைப்பில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் முகத்தில் பீச்சியடிக்கும். என் வண்டியில் கேஜ் மாட்டுவதற்கென்று தனி வாய் இல்லாததால், குழாயின் நடுவே 'டி' இணைப்பு ஒன்றைச் சேர்த்தோம். பழுதுநீக்கும் கையேட்டின்படி 3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 2.9 பார் காட்டியது. அணைத்த ஐந்து நிமிடங்களில் அது 0.5 பாருக்கு விழுந்தது.

ஓடும்போது உள்ள அழுத்தம் வேறு, அணைத்த பின் தேங்கி நிற்கும் அழுத்தம் வேறு என்பதை அன்றுதான் தெளிவாக விளங்கிக்கொண்டேன். பம்ப் எப்போதும் இன்ஜினுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே பெட்ரோலைத் தள்ளும் என்பதால், சிறு கசிவு இருந்தாலும் ஓடும்போது அது வெளியே தெரியாது. இரவு முழுவதும் நின்றுவிட்டாலோ, குழாயில் உள்ள பெட்ரோல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடுகிறது. காலையில் செல்ஃப் மோட்டார் பேட்டரியின் வலுவை எல்லாம் இழுத்துக்கொள்ளும் நேரத்தில், மின்னழுத்தம் குறைந்த பம்ப் அந்தக் குழாயை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கிறது. குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாததால் அப்போது கலவையில் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அந்த நேரத்தில் பார்த்து அது குறைவாகக் கிடைக்கிறது. சூடான இன்ஜின் இத்தகைய குறையைப் பொறுத்துக்கொள்கிறது.

கசிவு எந்தப் பக்கம் என்று அறிய, டேங்கிலிருந்து வரும் குழாயின் ரப்பர்ப் பகுதியை, பல் இல்லாத கிளாம்ப் ஒன்றால் அழுத்திப் பிடித்தோம். (கடினமான பிளாஸ்டிக் குழாயில் இதைச் செய்தால் அது விரிசல் விட்டுவிடும்.) அழுத்தம் இறங்காமல் அப்படியே நின்றது. ஆகவே கோளாறு டேங்கின் பக்கம்தான் என்று உறுதியாயிற்று. பம்ப் தொகுதியை வெளியே எடுத்தபோது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் இருந்த ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தட்டையாகி, ஓரிடத்தில் பிளந்திருந்தது. மாற்றிய பின் அணைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தும் 2.6 பார் நின்றது. அந்த ஓ-ரிங்கின் விலை நூறு ரூபாய்கூட இல்லை.

ஓசூரிலிருந்து:

ஐயா எழுதியதைப் படித்ததும் என் வாடகைக் காரின் கதையைச் சொல்லத் தோன்றியது. என்னுடையதில் தேங்கும் அழுத்தம் நன்றாகவே இருந்தது. ஓடும் அழுத்தமே 2.2 பாருக்கு மேல் ஏறவில்லை. பம்ப் போய்விட்டது என்று ஒரே ஆண்டில் இரண்டு பம்புகளை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் ஓரளவு சரியாக ஓடிவிட்டு, காலைக் குளிரில் மறுபடி இழுபறியாகிவிடும்.

கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் அதைக் கண்டுபிடித்தார். முன்பு பார்த்தவர்கள் பம்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்ததால் முழு 12 வோல்ட் காட்டியிருக்கிறது. மின்னோட்டம் இல்லாதபோது துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டையே காட்டும் என்று சொல்லி, கனெக்டரை மாட்டிய நிலையில், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் அளந்தார். பேட்டரி முனைகளில் 13.9 வோல்ட் இருந்தபோது பம்புக்கு வந்தது 10.3 வோல்ட் மட்டுமே. டிக்கியின் ஓரத்தில் எர்த் கம்பி வண்டியின் உடலோடு சேரும் இடம் பச்சையும் துருவுமாக இருந்தது. உரசிச் சுத்தம் செய்து முறுக்கியதும் அழுத்தம் 3 பாருக்கு வந்துவிட்டது. கழற்றி வீசிய இரண்டு பம்புகளும் பெரும்பாலும் நல்ல பம்புகளாகவே இருந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டேங்கில் உள்ள பெட்ரோல்தான் பம்பைக் குளிரவைக்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டுவதால் பம்பின் ஆயுள் குறையும். வாடகை வண்டிக்காரர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் இருபது ஆண்டுகளாக மெக்கானிக் வேலை செய்கிறேன். உதகை நண்பர் செய்த சோதனையில், குழாயை அழுத்திப் பிடித்த பிறகும் கேஜ் முள் இறங்கினால், சிலிண்டர்களுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைப் பார்க்க வேண்டும். அப்படி வந்த ஒரு காரில், காலையில் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் நடுங்கிக் கரும்புகை தள்ளியது. பிளக்குகளைக் கழற்றியபோது மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தது. அங்கே அழுத்தம் குறைந்ததோடு, சொட்டிய பெட்ரோல் அந்தச் சிலிண்டரை மூழ்கடிக்கவும் செய்திருந்தது. இத்தகைய வண்டியில் சாவியை மூன்று முறை திருப்பும் உத்தி பயன் தராமல், நிலைமையைக் கெடுக்கவும் கூடும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடும்; உள்ளே தேங்கியது வெளியேறி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலையும் மாற்றாமல் விடக் கூடாது.

அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் குளிரில் மட்டும் சிரமப்படும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரை. இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன், வண்டிக் கணினியின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினால் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சென்ற மாதம் வந்த ஒரு வண்டியில் காற்று 16 டிகிரி, கூலன்ட் 71 டிகிரி என்று காட்டியது. இன்ஜின் சூடாக இருப்பதாக எண்ணிக் கணினி பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

உதகமண்டலத்திலிருந்து, மீண்டும்:

கோவை அண்ணன் சொன்னபடி இன்று காலை என் வண்டியிலும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். காற்று 7 டிகிரி, கூலன்ட் 8 டிகிரி. சாவியை ஒரே முறை திருப்பி, பம்பின் முனகல் அடங்கியதும் செல்ஃப் அடித்தேன். இரண்டாவது விநாடி முடிவதற்குள் இன்ஜின் பிடித்தது.