புதுப்பிப்பு: மசீரா தீவில் ஆமை பார்த்தாச்சு

ஓமனில் வேலை பார்க்கும் தம்பியிடம் ஜூனில் போகிறோம், மசீரா தீவில் கடலாமை பார்க்க முடியுமா, கடற்கரையில் கூடாரம் நிற்குமா என்று காட்பாடியிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஷன்னா துறையில் காரோடு படகு ஏறினோம். கூடாரத்துக்கு ஆம்பூர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது: அந்த மணலில் முளை நிற்காது, அரிசிப் பையில் மணலை நிரப்பி, கயிறு கட்டிப் புதைக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அப்படி அடிக்கிறது. பட்டம் கட்டி அலைச்சறுக்கு விடுபவர்களுக்குக் கொண்டாட்டம். நமக்குச் சோற்றில் மணல்.

ஆமைக்கு வடகிழக்குக் கரை, இரவு நேரம். வருவது பெரும்பாலும் பெருந்தலை ஆமை. மே முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும். குடியாத்தம் அக்கா சொன்னபடி டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டினோம். குழி தோண்டும்போது கிட்டே போனால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். தள்ளிப் படுத்துக்கிடந்து, முட்டை விழ ஆரம்பித்த பிறகு பின்பக்கமாக ஊர்ந்து போனோம். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இடுமாம். சுற்றிலும் பேய் நண்டுகள் காத்திருந்தன.

எதிர்பாராதது குளிர்ச்சி. பாலைவனத் தீவு என்று பயந்தோம். வேலூர் வெயிலைவிட எவ்வளவோ மேல். பூநாரை பார்க்க நினைப்பவர்கள் குளிர்காலத்தில் போங்கள்.